பேரைப் போட்டே எழுதுங்க

இதழியல் படிக்கிற நீங்கள் என்னைப் பேசக் கூப்பிட்டபோது தலைப்பையும் சேர்த்தே கொடுத்துவிட்டீர்கள்: ஓர் அரசாங்கத்தின் தேர்தல் வெற்றியையும் ஆட்சியையும் எடைபோடுவது எப்படி? படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எடைபோடத் தெரிந்திருந்தால் கீழராஜ வீதியில் பருப்புக் கடை வைத்திருப்பேன். புதுக்கோட்டையில் இத்தனை வருடம் மாவட்ட நிருபராகக் குப்பை கொட்டியிருக்க மாட்டேன். மைக்கைப் பிடித்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டுத் திட்டுவதாக இருந்தால் போனில் திட்டுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம்.

முதலில் வெற்றி. வாக்கு எண்ணுகிற அன்றைக்கு நம் பாடு உங்களுக்கு இன்னும் தெரியாது. மையத்து வாசலில் வெயிலில் நின்றுகொண்டு, கடைசிச் சுற்று முடிவதற்குள்ளாகவே ‘ஏன் ஜெயித்தார்கள்’ என்று கட்டுரை அனுப்ப வேண்டும். இப்போதைய ஆளுங்கட்சி பத்து வருடம் வெளியே இருந்துவிட்டு ஆட்சியைப் பிடித்த அன்று, என்னோடு நின்ற எல்லா நிருபர்களும் ‘அலை’ என்று எழுதினார்கள். நம் மாவட்டத்தில் அலை அடிப்பது மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் மட்டும்தான். கடலே இல்லாத இலுப்பூரில் அலையை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவரவர் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுதியது வேறு. இவர்களுக்கு விழுந்த ஓட்டில் பாதி, இவர்களைப் பிடித்துப்போய்ப் போட்டது. இன்னொரு பாதி, இருந்தவர்கள் மேல் ஏற்பட்ட சலிப்பில் போட்டது. அந்த இரண்டாவது பாதியை இனிமேல்தான் இவர்கள் சம்பாதிக்க வேண்டும் என்று முடித்திருந்தேன். திருச்சி ஆபீசில் எங்கள் செய்தி ஆசிரியர் அந்தக் கடைசி வரியை வெட்டிவிட்டார். இடம் இல்லையாம்.

அவரேதான் இந்த ஆட்சிக்கு ‘நடு இடது’, அதாவது முழு இடதுசாரியும் இல்லாத முழு நடுவும் இல்லாத ஆட்சி, என்று பெயர் வைத்தவர். ஏழைக்கும் பெண்ணுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அரசாங்கம்தான் செய்ய வேண்டும் என்பார்கள். மறுநாளே முதலீட்டாளர்களுக்கு மாநாடு நடத்துவார்கள். கூட்டணியில் செங்கொடியும் இருக்கும், மேடையில் தொழிலதிபரும் இருப்பார். ரோட்டில் நடுவுக்கும் இடதுக்கும் இடையில் வண்டி ஓட்டுகிறவன் எல்லா லாரிக்காரனிடமும் திட்டு வாங்குவான் சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஐந்தாம் வருடம் ஓடிக்கொண்டிருந்தபோது, நான் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த நேரத்தில், அவரிடமிருந்து போன் வந்தது. "மேடம், ஆட்சி எப்படின்னு மாவட்டத்துக்கு ஒரு முழுப் பக்கம். நல்லா இருக்குன்னு கொஞ்சம் பேர், இல்லைன்னு கொஞ்சம் பேர். பேலன்ஸா இருக்கணும்." இந்த பேலன்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பக்கம் உண்மை கனமாக இருந்தால் மறுபக்கம் கல்லைத் தூக்கி வைக்கச் சொல்வதுதான் அது.

சுற்றினேன். கந்தர்வக்கோட்டையில் முந்திரி போட்டிருக்கிறவர்கள், ஒவ்வொரு தேர்தலிலும் வருகிற தொழிற்சாலை வாக்குறுதி இந்த முறையும் வந்துவிட்டுப் போய்விட்டது என்றார்கள். ஆவுடையார்கோவில் பக்கம் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துவாரியைத் தூர்வாரவில்லை என்று ஒரு விவசாயி என்னை வெயிலில் வரப்பு வரப்பாக நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார். வேலை நிரந்தரமாகும் என்று நம்பி ஓட்டுப் போட்ட தற்காலிகப் பணியாளர்கள் தற்காலிகமாகவே இருந்தார்கள். இன்னொரு பக்கம், கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் ஏறி ஜவுளிக்கடை வேலைக்கும் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற பெண்களைப் பார்த்தேன். புருஷனிடம் பஸ்ஸுக்குக் கையேந்தாமல் வீட்டைவிட்டு வெளியே வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆம்பிளை நிருபர்களுக்குச் சொன்னால் புரியாது. எனக்குப் புரிந்தது, சந்தோஷமாக இருந்தது. அதே பஸ்ஸில் ‘ஓசி’ என்று கண்டக்டர் முணுமுணுத்ததையும் கேட்டேன்.

இது சலுகை இல்லை, உரிமை என்று அரசாங்கம் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல வார்த்தைதான். ஆனால் அது உண்மையா என்று எப்படிச் சோதிப்பது? கொடுக்கும்போது எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். வாங்குகிறவர் வாய் திறந்து குறை சொன்ன பிறகும் அவருக்கு அது கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு அந்த யோசனை தானாக வரவில்லை. ஒரு சமையற்கட்டில் வந்தது.

ஆவூர்ப் பக்கம் உள்ளே தள்ளி ஓர் ஊர். ஊர்ப் பெயரையும் பள்ளிப் பெயரையும் விட்டுவிடுகிறேன். எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப்பள்ளி. காலை உணவுத் திட்டத்துக்குச் சமைக்கிறவர் லூர்துமேரி. முப்பத்தைந்து வயது இருக்கும். மகளிர் குழுவில் இருக்கிறவர், மகள் அதே பள்ளியில் நாலாம் வகுப்பு, வீட்டுக்காரர் கத்தாரில். இவர் பெயரை நான் மறைக்கவில்லை. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

நான் போனபோது பொங்கலை இறக்கிவிட்டு சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். "வாங்கக்கா. அங்கிட்டு நிக்காதீங்க, பொகை மூஞ்சில அடிக்கும். இங்கிட்டு வாங்க" என்றவர், கேமராவைப் பார்த்ததும், "இந்தச் சேலையோடயா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாது?" என்று கோபப்பட்டார். தலையை ஒதுக்கிக்கொண்டு மூன்று பக்கமும் திரும்பி நின்று போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் பேட்டி.

ஒன்று முதல் ஐந்து வரை பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளும் கையில் தட்டோடு வந்து வரிசையாக உட்கார்ந்தன. லூர்துமேரி ஒன்றும் சொல்லாமல் கரண்டியை எடுத்தார்.

"திட்டம் அஞ்சாவது வரைக்கும்தானே?" என்று கேட்டேன்.

"ஆமா. அஞ்சாவது வரைக்கும் பசிக்கும். ஆறாவது போனாப் பசிக்காது. அப்படித்தான் யாரோ எழுதி வச்சிருக்காக" என்றார். "ஒரே காம்பவுண்டுக்குள்ள தம்பி திங்கிறான், அக்கா பாத்துக்கிட்டு நிக்கிறா. அத நெதமும் எதிர்ல நின்னு பாக்குறது நான். மொதல் ரெண்டு மாசம் கண்ண மூடிக்கிட்டு இருந்தேன், முடியல. இப்ப சின்னப் பிள்ளைக தின்ன பெறகு மீதியக் குடுக்குறேன். பத்தலைன்னா வீட்டுலேர்ந்து ரவை எடுத்தாந்து கிண்டுறேன். இத எழுதுங்க."

எழுதினேன். எழுதிவிட்டு, நம் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கத்தில், "உங்க பேரைப் போடலைங்க. பெயர் வெளியிட விரும்பாத சமையலர்னு போட்டுக்கிறேன்" என்றேன். அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். விதிக்கு மாறாகக் கொடுக்கிறேன் என்று அவரே சொல்கிறார். குழுவில் அந்த வேலைக்குக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். மேலிடத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தால் மறுநாள் வேறு ஆள். இடுப்பில் செருகியிருந்த சமையற்கூடச் சாவியை அவர் எத்தனை பெருமையாகத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார் என்பதை வந்ததிலிருந்து கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

லூர்துமேரி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டார். "எதுக்கு பேரை மறைக்கணும்? நான் என்ன திருடினேனா?"

"திருடினீங்கன்னு சொல்லல. வேலை போயிரும். இந்தச் சாவியைக் கேட்டு வாங்கிக்குவாங்க."

"தெரியும்."

"வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்களேன்."

"அவரு பேரையா போடச் சொன்னேன்? எம்பேரத்தான போடச் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, பேரு இல்லாமப் போட்டீங்கன்னா மாவட்டத்துல சமைக்கிற பொம்பளைக அத்தன பேரையும் சந்தேகப்படுவாக. எல்லாக் குண்டாவையும் தொறந்து பாப்பாக. இது ஒளிச்சுச் சொன்னாத் திருட்டாப் போயிரும். பேரோட சொன்னாத்தான் கோரிக்கை. பேரைப் போட்டே எழுதுங்க" என்றார்.

சொல்கிறவரின் பெயரைக் காப்பாற்று என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை நான் உயிராக மதித்து வந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயர் என்னுடையது இல்லை, அவருடையது. காப்பாற்று என்று அவர் கேட்கவும் இல்லை. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி நேரும். அப்போது இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். என்ன நடக்கக்கூடும் என்று அவருக்கு முழுசாகத் தெரிந்திருக்கிறதா? கோபத்தில் சொல்கிறாரா, யோசித்துச் சொல்கிறாரா? லூர்துமேரி கோபத்தில்தான் இருந்தார். ஆனால் யோசித்து முடித்த பிறகு வந்த கோபம் அது.

"இன்னொண்ணு" என்றார். "நல்லதையும் போடணும். இந்தச் சாப்பாடு வர்றதுக்கு முந்தி பிரேயர்ல பிள்ளைக மயங்கி மயங்கி விழும். இப்ப ஒண்ணு விழுகிறதில்ல. அத மொதல்ல போடுங்க, பெறகு இதப் போடுங்க. ஒண்ண வெட்டிட்டு ஒண்ணப் போட்டீங்க, நான் ஆபீசுக்கே வந்துருவேன்."

வெளியே வந்தால் ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். உங்கள் மனதில் இப்போது வெள்ளை வேட்டி வில்லன் ஒருவர் வந்திருப்பார். அவரை அனுப்பிவிடுங்கள். இவர் அந்தப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வாங்கிக் கொடுக்க யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்தவர். பஞ்சாயத்துக்குத் தலைவர் இல்லாமல் அதிகாரியின் பொறுப்பில் இருந்த சமயம். ஊரில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் இவரிடம்தான் வருவார்கள்.

"மேடம், லூர்து என்ன சொல்லுச்சு? அது நல்ல பிள்ளைதான், வாய்தான் கொஞ்சம் நீளம். அடுத்த வாரம் அமைச்சர் இங்கிட்டு வாராரு. சாப்பாடு நல்லா இருக்குன்னு மட்டும் போட்டுக்கங்களேன். பொய்யி இல்லையே?"

"பொய் இல்லண்ணே. ஆனா அது பாதி."

"மீதிப் பாதிய அமைச்சர் போன பெறகு போட்டுக்கங்க" என்றார். அவர் கேட்ட விதத்தில் மிரட்டல் இல்லை, பயம்தான் இருந்தது. எனக்கு அவர் மேலும் பரிதாபம் வந்தது. இரக்கப்பட்டுச் செய்தியைத் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட்டது பிறகு வரவே வராது.

அன்று சாயங்காலம் ஆபீசில் உட்கார்ந்து எழுதினேன். டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர்கள் பத்தி பத்தியாகத்தான் வெட்டுவார்கள். அதனால் லூர்துமேரி சொன்ன நல்லதையும் குறையையும் ஒரே வாக்கியமாகச் சேர்த்தேன், நடுவில் முற்றுப்புள்ளியே வைக்காமல்: இந்தச் சாப்பாடு வந்த பிறகு பிள்ளைகள் மயங்கி விழுவதில்லை என்று சொல்கிற லூர்துமேரி, அதே வளாகத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பசியோடு பார்த்து நிற்பதைத் தாங்க முடியாமல் மீதியை அவர்களுக்கும் கொடுப்பதாகவும், அரசே அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்கிறார். இதில் எதை வெட்டினாலும் வாக்கியம் நொண்டும். இந்த வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள், உங்களுக்கு உதவும்.

செய்தி ஆசிரியர் வாக்கியத்தை வெட்டவில்லை. போனில் கூப்பிட்டு அதைவிடப் பெரிய குண்டைப் போட்டார். "மேடம், பிரமாதம்! ‘காலை உணவுத் திட்டத்தில் முறைகேடு, சமையலரே ஒப்புதல்’னு தலைப்பு வச்சுருக்கேன்."

அந்த ஒரு தலைப்பு போதும், லூர்துமேரி குற்றவாளி ஆகிவிடுவார். அவர் கொடுத்த பெயரை அவர் மேலேயே வீசுவதாக ஆகும். "சார், அவங்க ஒப்புக்கல, கேட்டிருக்காங்க" என்றேன்.

"விஷயம் ஒண்ணுதானே?"

"இல்ல சார். இந்தத் தலைப்புன்னா அவங்க பேரை எடுத்துருங்க. பேரை எடுத்தா அந்தப் பத்தியை எடுக்கணும். அதை எடுத்தா என் பேரையும் அந்தப் பக்கத்துலேர்ந்து எடுத்துருங்க."

பக்கம் அச்சுக்குப் போக வேண்டிய நேரம். அவர் கத்தினார். ஆட்சியின் பக்கம் நான் சாய்ந்துவிட்டேன் என்றார். ரிட்டயர் ஆகப்போகிற தைரியம் என்றார். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது, மறுக்கவில்லை. நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அது எனக்கும் அவருக்கும் நடக்கிற சண்டையாகப் போய்விடும். "உங்க பொண்ணு எத்தனாவது படிக்குது சார்?" என்று மட்டும் கேட்டேன். ஏழாவது என்றார். சட்டென்று போனை வைத்துவிட்டார். மறுநாள் பேப்பரில் தலைப்பு ‘ஆறாம் வகுப்புக்குப் பசிக்காதா?’ என்று வந்தது. கீழே லூர்துமேரியின் பெயர், அந்தப் பழைய சேலையோடு போட்டோ.

காலையில் போன் செய்தேன், எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. மனசு கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சமையற்கூடத்தில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். லூர்துமேரி பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா மோசமானவர் இல்லை. என்னைப் பார்த்ததும் நிம்மதி அடைந்தவர் மாதிரி, "நீங்களே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு" என்றார். "லூர்துமேரி, நான் அப்படிச் சொல்லல, நிருபர் தப்பா எழுதிட்டாருன்னு நீ ஒரு வரி சொன்னாப் போதும்மா. இதோட முடிஞ்சு போகும். எனக்கும் ஒன்னைய மாத்தணும்னு ஆசை இல்ல."

நம் தொழிலில், சொன்னதால் மாட்டிக்கொண்டவர் தப்பிக்க வழக்கமாகத் திறக்கிற கதவு இது. நான் தயங்கவில்லை. "அவங்க அப்படிச் சொன்னா நான் மறுப்பு போட்டுடறேன்" என்றேன். என் பெயர் கொஞ்சம் கெடும், கெட்டால் கெடட்டும். ஓய்வு பெறப்போகிறவளுக்கு அதில் என்ன குடி முழுகிவிடும்?

லூர்துமேரி கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அதிகாரியைப் பார்த்துக்கூட அவர் அப்படி முறைக்கவில்லை. "நீங்க எழுதுனதுல என்னக்கா தப்பு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப எதுக்கு தப்புன்னு நான் சொல்லணும்? நீங்க எதுக்கு தலையாட்டுறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. நான் தியாகம் செய்வதாக நினைத்தது அவருக்கு அவமானமாக இருந்தது. அதிகாரி அம்மா பெருமூச்சு விட்டார். "சின்னப் பிள்ளைங்க சாப்பிட்ட பிறகுதானே குடுக்குறே?" என்று கேட்டு, ஆமாம் என்றதும், சமைத்தது எதுவும் வீணாகவில்லை என்றே நான் மேலே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே சொல்லவும் செய்தார்.

ஆனால் போதவில்லை. அமைச்சர் வந்து போன மறுவாரம் சமையலரை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. நிர்வாகக் காரணமாம். சாவியைக் கேட்டு வாங்கியவர் கிளைச் செயலாளர்தான். புதிதாக வந்தவர் அதே குழுவிலிருந்த அமுதா, கிளைச் செயலாளரின் கொழுந்தியாள். செய்தி கேட்டதும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உரிமை, உரிமை என்று மேடையில் சொன்னவர்களின் வேட்டியைப் பிடித்து நிறுத்திக் கேட்க வேண்டும் போலிருந்தது. எழுதப்போகிறேன் என்று லூர்துமேரியிடம் சொன்னேன்.

"இப்ப எழுதாதீங்க. காந்தி ஜெயந்தி அன்னைக்கு கிராம சபை இருக்கு. வாங்க" என்றார்.

"சாவி போயிருச்சே, கவலையா இல்லையா?"

"ராத்திரியெல்லாம் அழுதேன். கவலை இல்லாம இருக்குமா? என்னன்னு நெனச்சீங்க என்னைய?" என்று சீறினார். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. தைரியமாகப் பேசுகிறவருக்கு வலிக்காது என்று நம் ஆட்கள் அடிக்கடி நினைத்துக்கொள்கிறோம்.

கிராம சபைக்குப் போனேன். பள்ளிக்கு வெளியே சாமியானா, கொஞ்சம் நாற்காலி, மீதிப் பேர் தரையில். ஊராட்சிச் செயலர் வழக்கமான தீர்மானங்களை வேகவேகமாகப் படித்துக்கொண்டு போனார். முன்வரிசையில் கிளைச் செயலாளர். பெண்கள் பக்கம் லூர்துமேரி நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; அவருக்குச் சற்றுத் தள்ளி அமுதா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

வேறு ஏதாவது உண்டா என்று செயலர் கேட்டு முடிப்பதற்குள் லூர்துமேரி எழுந்துவிட்டார். "காலைச் சாப்பாட்டுல ஆறு, ஏழு, எட்டு வகுப்பையும் சேக்கணும்னு தீர்மானம் போடணும்."

"அது கவர்மெண்டு கொள்கை முடிவும்மா. நம்ம கையில இல்ல."

"கவர்மெண்டுக்கு ஓட்டுப் போட்டது நம்ம கைதான? எழுதுங்க."

சிரிப்பு எழுந்தது. செயலர் கிளைச் செயலாளரைப் பார்த்தார். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, மொழிஞ்சது லூர்துமேரி. வழிமொழியிறது யாரு?"

சிரித்த ஆட்கள் அடங்கிவிட்டார்கள். ஒரு கையும் எழவில்லை. வேலை போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். எனக்கே கையைத் தூக்கிவிடலாமா என்று இருந்தது, அந்த ஊரில் எனக்கு ஓட்டுகூட இல்லை. லூர்துமேரி உட்காரவில்லை.

"நான் வழிமொழியிறேன்" என்று ஒரு குரல் வந்தது.

அமுதா எழுந்திருந்தார். அக்கா புருஷனான கிளைச் செயலாளரின் பக்கம் திரும்பாமல் செயலரிடமே பேசினார். "அமுதான்னு போட்டுக்கங்க. இப்ப அங்க சமைக்கிறது நான்தான். வந்த மொத நாளே பெரிய பிள்ளைக தட்டோட வந்து உக்காந்துருச்சுக. எந்திரிங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நானும் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

எல்லோரும் கிளைச் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டு, கடைசியில் செயலரிடம், "எழுதிக்கய்யா. எதுக்கு என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று எரிந்து விழுந்தார். தீர்மானம் நிறைவேறியது. சாவி அமுதாவிடமேதான் இருந்தது. நான் ஓய்வு பெறும்வரை அந்தத் தீர்மானத்துக்கு மேலிருந்து பதிலும் வரவில்லை.

இந்த ஆட்சியை எப்படி எடைபோடுகிறேன் என்று நீங்கள் கேட்டால் என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும். அந்தப் பிள்ளைகளுக்குக் காலையில் சோறு போட்டது இந்த அரசாங்கம். சொன்னவரின் வேலையைப் பறித்ததும் இதே அரசாங்கம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத வராவிட்டால் இந்தத் தொழிலுக்கு வராதீர்கள்.

கூட்டம் கலைந்த பிறகு லூர்துமேரியும் நானும் ரோட்டோரத்தில் நின்றோம். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று வாக்காளரிடம் கேட்கக் கூடாது. என் வேலைக்காலம் முழுவதும் நான் கேட்டதில்லை. அன்று அடக்க முடியவில்லை. இத்தனைக்கும் பிறகு தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"போன தடவை யாருக்குப் போட்டீங்க லூர்துமேரி?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவங்களுக்குத்தான்."

"அடுத்த தடவை?"

"அடுத்த தடவையும் இவங்களுக்கே போடணும்னுதான்க்கா ஆசை" என்றார். "அதுக்குத்தான இப்பவே இந்தச் சண்டையெல்லாம் போட்டுக்கிட்டிருக்கேன்."